மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: புதுச்சேரி, கடலூரிலிருந்து கடல் கடக்கும் குடும்பங்களுக்கு

கல்யாணப் பேச்சு முடிந்ததும் நம் பக்கத்தில் மண்டபம், ஜவுளி, சமையல்காரர் என்று வரிசையாக ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். மாப்பிள்ளையோ பெண்ணோ வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அல்லது தாலி ஏறிய கையோடு வெளிநாட்டில் குடித்தனம் என்றால், அந்த வரிசையில் முதலில் பார்க்க வேண்டியவர் பதிவாளர். கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ நடந்ததை ஊர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் விசா கொடுக்கும் நாடு, அந்தச் சடங்கு எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதியில், யார் யார் நேரில் இருக்க நடந்தது என்று கேட்கும். இந்த மூன்றில் எது தவறினாலும் பின்னால் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஆகவே கீழே சொல்வதெல்லாம் முகூர்த்தத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

முதல் வேலை: நீங்கள் எந்தச் சட்டத்தில் நிற்கிறீர்கள்?

இந்தியாவில் கல்யாணச் சட்டம் மதத்தை ஒட்டிப் பிரிகிறது. இரண்டு பேரும் இந்து என்றால் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் 1872ஆம் ஆண்டுச் சட்டம். முஸ்லிம்களுக்கு ஷரீஅத் முறைப்படி நிக்காஹ். மதம் எதுவானாலும், இரண்டு பேர் இரண்டு மதமானாலும், 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. பெண் இந்து, மாப்பிள்ளை பிரான்ஸிலிருந்து வந்த கிறிஸ்தவர். கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துவிடுவார்கள். அந்தச் சட்டம் இந்து ஒருவரும் இந்து ஒருவரும் செய்யும் கல்யாணத்துக்கு மட்டும்தான். இந்துவும் கிறிஸ்தவரும் அதன்கீழ் செய்த கல்யாணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. மதம் வேறு என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போய்விடுங்கள். சடங்கைத் தனியாக ஆசை தீர நடத்திக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக முதலில் பதிவு, ஆறு மாதம் கழித்துக் கல்யாணம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்த கல்யாணத்துக்குச் சாட்சி மட்டுமே. சடங்கு நடக்காமல் வாங்கிய சான்றிதழ் கல்யாணம் ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு விசாவுக்காக இப்படிச் செய்யும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. கடலூர் பக்கத்து மக்களுக்கு ஒரு வசதி: தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லும். ஐயர், அக்னி எதுவும் வேண்டாம். மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஆனால் அதுவும் உண்மையில் நடந்திருக்க வேண்டும். அழைப்பிதழும் நாலு போட்டோவும் பத்திரமாக வையுங்கள்.

புதுச்சேரியில் மட்டும் இன்னொரு வகையினர் உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணையின் கீழ், தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டவர்கள், ரெனோன்சான் என்பார்கள். அவர்கள் வம்சத்துக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே தனி உட்பிரிவு சேர்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருப்பதால் மட்டும் ஒருவர் ரெனோன்சான் ஆகிவிடமாட்டார். அதேபோல் இந்தியப் பாஸ்போர்ட் இருப்பதால் இல்லை என்றும் ஆகிவிடாது. தாத்தா, கொள்ளுத்தாத்தா காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.

முப்பது நாள் கணக்கு

சிறப்புத் திருமணச் சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதல் வழி, அதிகாரி முன்னாலேயே கல்யாணம். இரண்டு பேரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருந்தால் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் பலகையில் ஒட்டப்படும். 30 நாள் ஆட்சேபணைக் காலம். அது முடிந்ததும், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சியோடு போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே சடங்காக நடந்த கல்யாணத்தை 15ஆம் பிரிவின் கீழ் பதிவது. 'எப்படியும் பின்னால் பதிந்துகொள்ளலாம்' என்று நம்பி இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இதில் இரண்டு பேருமே 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்குமே 21 நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் இதிலும் 30 நாள் ஆட்சேபணைக் காலம் உண்டு. மூன்று வார லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டுப் பாரிஸுக்கு விமானம் ஏறும் மாப்பிள்ளைக்கும், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் இந்த வழி அடைப்புதான். பையனுக்கு லீவு குறைவு என்றால், முதல் வழிக்கு இங்கே இருக்கிற பெண்ணின் பெயரில் மாவட்ட இருப்பைக் காட்டி நோட்டீஸ் போடுங்கள்.

எந்த ஊரில் பதிவது என்பதும் கேள்விதான். நம் பக்கத்தில் எல்லை புலப்படாது. முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் எல்லாக் கல்யாணமும், எந்த மதமானாலும், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். தாமதித்தால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். பெண் கடலூர், மண்டபம் புதுச்சேரி என்றால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. புதுச்சேரி நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ கேட்க வேண்டும். பின்னால் காகிதத்துக்கு முத்திரை வாங்கவும் அந்தந்த அரசிடம்தான் போக வேண்டும் என்பதால் இதை இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

பிரான்ஸ் சம்பந்தம் என்றால்

ஊரில் 'பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்றால் சீர்வரிசையே ஒரு படி ஏறுகிறது. அந்த நேஷனாலிட்டி உண்மையில் இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று இங்கே குடியிருந்த உள்ளூர்க்காரர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருந்தால்தான் பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தார்கள். இந்தியாவுக்கு வெளியே, சைகோனிலோ பிரான்ஸிலோ, குடியிருந்தவர்கள் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரர்களாக இருந்தார்கள். 'எங்க தாத்தா சொல்தா' (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. குடும்பம் ஐம்பது வருஷத்துக்கு மேல் பிரான்ஸுக்கு வெளியே இருந்து, இடையில் யாரும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்படவில்லை என்றால், வம்சாவழியாகக் கோரும் வாசல் மூடிவிடும். நிச்சயத்துக்கு முன் பையனின் நேஷனாலிட்டிச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஜாதகம் கேட்கிறோமே.

பையனின் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவின் முழு நகலையும் கேளுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவேடு நாந்த் நகரில் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்தால் காசில்லாமல் வரும். அந்தத் தாளின் ஓரத்தைப் படியுங்கள். நம் பிறப்புச் சான்றிதழ் பிறந்த அன்றோடு நின்றுவிடும். பிரெஞ்சுப் பதிவில் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் ஏறிக்கொண்டே போகும்: இன்ன தேதியில் இன்னாரை மணந்தார், இன்ன தீர்ப்பால் விவாகரத்து. ஓரம் வெறுமையாக இருந்தால் அவர்கள் பதிவுப்படி ஆள் பிரம்மச்சாரி. கல்யாணம் என்று எழுதி, விவாகரத்துக் குறிப்பு இல்லாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி வரிசை. பிரெஞ்சுக்காரர் வெளிநாட்டில் கல்யாணம் செய்வதற்கு முன்பே கன்சலேட்டில் 'மணம் செய்யத் தடையில்லை' என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குப் பத்து நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். கத்தோலிக்கருக்கு இது புதிதாகத் தோன்றாது; கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதற்கு அரசாங்கப் பதிப்பு. தேவைப்பட்டால் இரண்டு பேரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார்கள். எப்படிப் பழக்கம், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், பையனின் அப்பா பெயர் என்ன மாதிரிக் கேள்விகள். இது சம்பந்தி மரியாதைக்கு இழுக்கு என்று கோபப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கட்டாயக் கல்யாணமா, காகிதக் கல்யாணமா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. பெண்ணுக்குச் சொல்லித் தயார் செய்து அனுப்பாதீர்கள். மனப்பாடப் பதில்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பும்.

கல்யாணம் முடிந்ததும் அரசுச் சான்றிதழோடு கன்சலேட்டில் விண்ணப்பித்து, பிரெஞ்சுப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதி முடித்தால் லிவ்ரே என்கிற குடும்பப் புத்தகம் கைக்கு வரும். இந்தப் பதிவு இல்லாமலும் புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் பிள்ளைகளுக்கும் கல்யாணம் செல்லும். மற்ற எவருக்கு எதிராகவும் பிரான்ஸில் அதைக் காட்ட முடியாது. பெண்ணுக்குக் குடும்ப விசாவும், நான்கு வருஷம் கழித்துக் குடியுரிமை கேட்பதும் இந்தப் பதிவை நம்பித்தான் இருக்கின்றன. பிரான்ஸில் தொடர்ந்து மூன்று வருஷம் குடியிருக்காவிட்டால் அந்த நான்கு ஐந்தாகும். அதற்குப் பிரெஞ்சு மொழித் தேர்வும் உண்டு. விசா வருவதற்குள் வகுப்பில் சேர்ந்துவிடலாம்.

அந்தத் 'தடையில்லை' சான்றிதழை முன்பே வாங்காமல் கல்யாணம் செய்துவிட்டால் எல்லாம் போய்விடாது. ஆனால் விசாரணை அப்போது நடக்கும். சந்தேகம் வந்தால் கோப்பு நாந்த் அரசு வழக்கறிஞரிடம் போகும். அதற்குள் பெண் பிறந்த வீட்டில் எத்தனை தீபாவளி கொண்டாடுவாள் என்று சொல்ல முடியாது.

நிக்காஹ், வீடியோ, இரண்டாம் மனைவி

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காரைக்கால் பக்கத்து வாசகர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். நிக்காஹ் ஒரு ஒப்பந்தம்; மாப்பிள்ளை துபாயில் இருந்தபடி வக்கீல் (தன் சார்பில் ஒப்புக்கொள்ளும் ஆள்) வைத்து முடிப்பதை மார்க்க அறிஞர்கள் பலர் ஏற்பார்கள். இந்திய நீதிமன்றங்களும் கொஞ்சம் இளகியிருக்கின்றன. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளையை வீடியோவில் பார்த்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் நடத்த அனுமதித்தது. ஆனால் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தில், பிரெஞ்சுக்காரரின் கல்யாணம் வெளிநாட்டில் நடந்தாலும் அவர் நேரில் இருந்தாக வேண்டும் என்று 1993இலிருந்து விதி. காரைக்காலில் ஜமாஅத்தே ஏற்ற நிக்காஹ் அந்த ஒரு வரியில் செல்லாமல் போகும். லீவு கிடைக்கும் வரை நிக்காஹைத் தள்ளிவையுங்கள்.

இரண்டாம் மனைவி விஷயமும் அப்படித்தான். இந்தியாவில் முஸ்லிம் ஆணுக்குத் தனிச் சட்டம் அனுமதிக்கிறது. பிரெஞ்சுக் குடிமகனுக்கு, அவர் எங்கே போய்ச் செய்தாலும், முதல் கல்யாணம் கலையாமல் இரண்டாவது கிடையாது. பிரான்ஸில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் ஒரு மனைவியைத்தான் குடும்பச் சேர்ப்பில் அழைத்துக்கொள்ள முடியும். இந்து ஒருவர் இரண்டாம் கல்யாணத்துக்காக இஸ்லாத்துக்கு மாறும் தந்திரம் 1995லேயே உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுவிட்டது.

தப்தரில் (ஜமாஅத்தின் பதிவேட்டில்) எழுதிய நிக்காஹ் பதிவு மட்டும் வளைகுடாவுக்குப் போதாது. கடலூர் மாவட்டத்தில் என்றால் 2009 சட்டப்படி சார்பதிவாளரிடமும் பதிந்து, அந்தச் சான்றிதழை வைத்து மேலே நகருங்கள். பதியும்போது மணமகன் பெயர் தப்தரில் இருப்பதுபோல் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும்) தொகை, வலியின் (பெண்ணின் பொறுப்பாளர்) பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் மொழிபெயர்ப்பில் வந்தாக வேண்டும். நான் பார்க்கும் தாள்களில் பாதியில் வலி 'அப்துல் காதர்', பெண்ணின் பாஸ்போர்ட்டில் அப்பா 'அப்துல்காதர்', ஆதாரில் 'ஏ. காதர்'.

முத்திரை

ஒரு நாட்டுக் காகிதத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கு, காகிதம் உண்மையானது என்று காட்டும் அப்போஸ்டில் என்ற முத்திரை ஒன்று போதும். இந்தியா 2005இலிருந்து அதில் இருக்கிறது, பிரான்ஸ், ஓமான், பஹ்ரைன், சிங்கப்பூர், சவூதி அரேபியா எல்லாம் உண்டு (சவூதி 2022 டிசம்பரில்தான் வந்தது, பழைய ஏஜெண்டுகள் இன்னும் தூதரக முத்திரைக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள்). அமீரகம், கத்தார், குவைத் இதில் இல்லை. அவற்றுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று மூன்று படி. அமீரகத்தில் இறங்கியபின் அங்கேயும் ஒன்று. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான். மீதியெல்லாம் சேவைக் கட்டணமும் அலைச்சல் கூலியும்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தர வாசியையோ மணப்பதானால் மனிதவள அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். ஊருக்கு வந்து கல்யாணம் செய்தாலும் இது பொருந்தும்.

இனிஷியல்

நமக்கு அப்பா பெயர் இனிஷியல். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் பிரெஞ்சுக் காகிதத்தில் குடும்பப் பெயர் இல்லாதவர் என்று குறிப்பார்கள்; பிள்ளை பிறந்ததும் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று திரும்பவும் சிக்கல். அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கே இடக்கு செய்கிறது. இனிஷியலை விரித்து எழுதி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொண்டுவந்த பிறகே விண்ணப்பியுங்கள். பெண் கணவர் பெயருக்கு மாறுவது கட்டாயமில்லை. என்னைக் கேட்டால் விசா முடியும் வரை மாறவே வேண்டாம்.

முந்தைய கல்யாணம் இருந்தால்

பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டோம், ஜமாஅத்தில் எழுதி வாங்கிவிட்டோம் என்பதெல்லாம் ஊருக்குள் செல்லும். வெளிநாட்டுக் கோப்புக்குக் குடும்ப நீதிமன்ற ஆணை வேண்டும். முத்தலாக் இங்கே 2017 தீர்ப்பாலும் 2019 சட்டத்தாலும் போய்விட்டது. ஒருதலைத் தலாக்கை ஆண் பெண் சமத்துவத்துக்கு விரோதம் என்று பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் 2004லேயே ஒதுக்கிவிட்டது.

வெளிநாட்டில் வாங்கிய விவாகரத்தும் இங்கே அப்படியே செல்லாது. எந்தச் சட்டப்படி கல்யாணமோ அந்தச் சட்டம் ஒப்பும் நீதிமன்றமும் காரணமும் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பேருமே மனமொத்து அந்த நீதிமன்றத்தில் ஆஜராகியிருக்க வேண்டும் என்பது 1991 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் மனமொத்த விவாகரத்து நீதிபதி இல்லாமல், வக்கீல்கள் எழுதி நொத்தேரிடம் (பத்திரங்களை எழுதிப் பதியும் பிரெஞ்சு அதிகாரி) வைப்பதோடு முடிகிறது. அங்கே அது முழு விவாகரத்து. இங்கே நீதிமன்றத் தீர்ப்பு எங்கே என்று கேட்டால் காட்ட எதுவுமில்லை. ஊரில் இந்துத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்தவர்கள் பிரான்ஸில் பிரிந்தால், இங்கேயும் குடும்ப நீதிமன்றத்தில் ஆணை வாங்கிவிட்டுத்தான் மறுமணப் பேச்சை எடுக்க வேண்டும்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்யும் கல்யாணம் பிரான்ஸில் 2013இலிருந்து செல்லும். இந்தியா 2023 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகும் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட தம்பதி ஊருக்குத் திரும்பினால் இங்கே காகிதத்தில் இரண்டு தனி ஆள்.

சொத்து

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸில் முதல் குடித்தனம் வைத்தால், ஒப்பந்தம் எதுவும் எழுதாதவரை, கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது இருவருக்கும் பொது. இந்தியாவில் அப்படியில்லை. பெண் வீட்டார் போட்ட நகை, பையன் முன்பே வாங்கிய மனை எல்லாம் கணக்குத் தெளிவாக இருக்க வேண்டுமானால் கல்யாணத்துக்கு முன்பே நொத்தேரிடம் பேசுங்கள்.

பிள்ளை பிறந்ததும்

கடலூர்க்காரர்கள் பலருக்குப் பிரசவம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில். ஜிப்மரில் பிறந்தால் உழவர்கரை நகராட்சியில்தான் பிறப்புச் சான்றிதழ். அது புதுச்சேரி அரசுக் காகிதம். தமிழ்நாட்டில் முத்திரைக்கு அலைந்து பயனில்லை. பெயர் சேர்க்காமல் 'ஆண் குழந்தை' என்று வாங்கிய சான்றிதழோடு கன்சலேட்டுக்குப் போகாதீர்கள்.

தாய் தகப்பனில் ஒருவர் இந்தியர், மற்றவர் முறையான விசாவோடு இருக்கும் பிரெஞ்சுக்காரர் என்றால், இங்கே பிறந்த பிள்ளை இரண்டு சட்டப்படியும் குடிமகன் ஆகும். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள முடியாது, ஓசிஐ (வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவழியினருக்கான) அட்டைதான். வெளிநாட்டுக் கணவன் அல்லது மனைவிக்கும் ஓசிஐ உண்டு. பதிவு செய்த கல்யாணம் இரண்டு வருஷம் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும்.

பிள்ளை பிரான்ஸிலோ துபாயிலோ பிறந்து, இந்தியனாக வளர்க்க விரும்பினால், ஒரு வருஷத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியுங்கள். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதியும் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வருஷம் தாண்டினால் தில்லியில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆகவே முதல் பிறந்த நாளுக்கு ஊருக்கு வர டிக்கெட் போடுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.